பருத்த உடலினர்க்கு ஏற்ற சக்கர நாற்காலி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியச் சுவையையோ, இசைநலத்தையோ, நாட்டு நடப்பையோ எடுத்துரைப்பது வழக்கம். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருபத்திரண்டு ஆண்டுகளாக இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதி வரும் எழுத்தர். கற்றறிந்தோர் நிறைந்த இவ்வவையில் நம்மால் சொல்லத்தக்கது யாது என்று தயங்கினோம். “நீங்கள் பட்டறிந்த ஒன்றைச் சொல்லுங்கள்; அதுவே போதும்” என்றார் செயலாளர். ஆகவே, பட்டறிந்த ஒன்றையே சொல்ல வந்திருக்கிறோம். பருத்த உடலினர் ஒருவர்க்குச் சக்கர நாற்காலி வாங்க வேண்டுமாயின் எதைப் பார்த்து வாங்குவது என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள். விழா நாளில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். இவ்விழாவிற்கு ஒருவர் வர முடிவதும் முடியாததும் இப்பொருளைப் பொறுத்தே அமைந்தது என்பதைக் கேட்டபின் அவ்வெண்ணம் மாறும் என்று நம்புகிறோம்.

எம் அன்னையாரை உங்களிற் பலர் அறிவீர்கள். நம் சங்கத்துப் பொங்கல் விழாக்களில் அவர் கிளறிய சர்க்கரைப் பொங்கலை உண்டு பாராட்டியோர் இங்கே நிறைந்திருக்கிறீர்கள். விழுப்புரத்திலிருந்து எம்மோடு வந்து தங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வயது 69. இளமை முதலே பருத்த மேனியர். முழங்கால் மூட்டுகள் தேய்ந்திருந்த நிலையில், ஈராண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கி இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. உயிருக்குத் தீங்கில்லை, பேச்சும் நினைவும் தெளிவாகவே உள்ளன. “இனிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வெளியே அழைத்துச் செல்லுங்கள்; படுக்கையிலேயே கிடக்க விடாதீர்கள்” என்றார் மருத்துவர்.

அன்று மாலையே கடைக்குச் சென்றோம். அன்னையாரை அழைத்துச் செல்லவில்லை. “நோயாளியின் எடை என்ன?” என்று கடைக்காரர் கேட்டார். அன்னையார் சொல்லியிருந்தபடி, “தொண்ணூறு கிலோ இருக்கும்” என்றோம். நூறு கிலோ தாங்கும் என்று சீட்டு ஒட்டிய நாற்காலி ஒன்றை மடித்துக் கொடுத்தார். இருக்கையின் அகலம் எல்லார்க்கும் பொதுவாக வைக்கும் 18 அங்குலம். பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தோம். கடையின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பிழையிற் பாதிக்கு மேல் நம்முடையதே.

முதல் மாதத்திலேயே இருக்கைத் துணி தூளியைப்போல் தொய்ந்தது. தொய்ந்த துணியில் தொடைகள் இரண்டும் நெருக்குண்டன. இடுப்பின் பக்கங்கள் கைப்பிடிக்குக் கீழுள்ள தகட்டில் உராய்ந்தன. வலப்புறத்தில் ஒரு சிவப்புத் தடம் தோன்றிச் சில நாளில் புண்ணாயிற்று. நான்காம் மாதத்தில், எங்கள் குடியிருப்பின் வாயிற் சரிவிலிருந்து இறங்குகையில், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை வளைந்து நாற்காலி முன்னோக்கிச் சாய்ந்தது. எம் மகள் தன் தோளைக் கொடுத்துப் பாட்டியைத் தாங்கிக்கொண்டாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று வேறொன்று முறிந்தது. “இனி நான் கீழே வரவில்லையப்பா, உங்களுக்கும் சிரமம், எனக்கும் வெட்கம்” என்றார் அன்னையார். அதன்பின் பதினொரு மாதங்கள் அவர் நான்காம் மாடியை விட்டு இறங்கவில்லை. கிருத்திகைதோறும் இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்குச் சென்று வந்தவர், பலகணி வழியே வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். சென்ற ஆண்டு விழாவிற்கு அவர் ஏன் வரவில்லை என்று உங்களிற் பலர் கேட்டீர்கள்; உடல்நலமில்லை என்று விடை சொன்னோம். அது பொய். அவர் உடல் வருமளவிற்கு நலமாகவே இருந்தது. நாற்காலிதான் நலமாக இல்லை.

நண்பர்களே! நாம் நாள்தோறும் எழுதும் கணக்கு என்ன? ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் பக்கத்திலும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று அப்பெட்டியின் வெற்றெடை. மற்றொன்று அது ஏற்கத்தக்க பளு. நிலக்கரி ஏற்றும் ‘பாக்ஸ்என்’ பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு அச்சுகள். அச்சு ஒன்றுக்கு 20.32 டன் என்ற முதல் வகுப்புப்படி மொத்த எடை 81.28 டன். வெற்றெடை 22.47 டன் போக, எஞ்சிய 58.81 டன்னே சுமை. அதற்கு மேல் ஏற்றினால் அச்சும் வில்லும் தண்டவாளமும் கேடுறும். ஏற்றியவர் விடை சொல்ல வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் இவ்வளவு கணக்குப் பார்த்த நாம், பெற்ற தாயை ஏற்றும் வண்டிக்குக் கணக்குப் பார்க்கவில்லை! அவர் கூறிய எடையை நிறுத்துப் பார்க்கவும் இல்லை. சீட்டிலிருந்த எண்ணை ஆராய்ந்து கேட்கவும் இல்லை.

முதற்கண் செய்ய வேண்டுவது எடை பார்த்தல். ஆனால் நிற்க இயலாதவரை எவ்வாறு நிறுப்பது? வீட்டிலுள்ள சிறு எடைக்கருவியில் ஏறி நிற்க வேண்டும். பருத்த உடலினர் பலர்க்கு அதன் எண்ணே போதாது. சில மருத்துவமனைகளில் நாற்காலியோடு ஏற்றி நிறுக்கும் மேடைத் தராசு உண்டு. அது கிட்டாதபோது நாம் செய்ததைச் சொல்கிறோம். எங்கள் பிரிவிலுள்ள மாவு அரைக்கும் கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. கடைக்காரர் நல்லவர். இரவு ஒன்பதரை மணிக்குக் கடையடைத்த பிறகு வரச் சொன்னார்.

அன்னையாரை இணங்கச் செய்ததுதான் கடினம். “ஏனப்பா, என்னைக் கோதுமை மூட்டை என்று எண்ணிவிட்டாயா?” என்று கேட்டுக் கண்கலங்கினார். அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. எம் மனைவிதான் அருகிலமர்ந்து, “அத்தை, புடைவை எடுக்கும்போது நீளம் கேட்கிறோம், வளையல் வாங்கும்போது அளவு கேட்கிறோம். அதில் என்ன வெட்கம்? இதுவும் அப்படித்தான்” என்றாள். வளைந்த கவையைக் கட்டி நிமிர்த்தி, அன்றிரவு மட்டும் அந்நாற்காலியிலேயே மெல்லத் தள்ளிச் சென்றோம். நாற்காலியோடு 137 கிலோ. அவரை இறக்கி விசிப்பலகையில் அமர்த்திவிட்டு நிறுத்தால், நாற்காலி மட்டும் 18½ கிலோ. எனவே அன்னையாரின் எடை 118½ கிலோ. நூறு கிலோ சீட்டு ஒட்டிய நாற்காலியில் நான்கு மாதம் வைத்திருந்தோம்! அவர் வேண்டுமென்று குறைத்துச் சொன்னாரல்லர். எடை என்ற சொல்லைக் கேட்டாலே ஊரார் சிரிப்பார் என்ற அச்சம் இளமை முதல் அவரைச் சொல்லவிடாமற் செய்திருக்கிறது. அச்சிரிப்பில் நம் எல்லார்க்கும் பங்குண்டு.

நாம் இன்று காணும் மடக்கு நாற்காலி எங்கிருந்து வந்தது என்பதையும் சிறிது அறிதல் நன்று. அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளர் 1918-இல் விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து நடக்க இயலாதவரானார். அவரும் அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து, மோட்டார் வண்டியில் மடித்து வைக்கத்தக்க எஃகுக் குழாய் நாற்காலியை 1933-இல் உருவாக்கினர். இருக்கைக்கு அடியில் கத்திரிக்கோலைப் போல் குறுக்கிட்டுக் கிடக்கும் இரு சட்டங்களே அதன் உயிர்நாடி. இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலானவை அம்மாதிரியின் வழித்தோன்றல்களே. மடிவதற்காக அமைந்த அக்குறுக்குச் சட்டமே பளு மிகும்போது முதலில் தளர்கிறது. ஆதலின், மிகு பளுவிற்கென்று செய்யப்படும் நாற்காலிகளில் ஒன்றுக்கு இரண்டாகக் குறுக்குச் சட்டங்களை வைக்கின்றனர். கடையில் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, தாங்கும் பளு. நாற்காலியின் சீட்டிலுள்ள எண், உட்காருபவரின் எடையை மட்டும் தாங்கப் போவதில்லை. மெத்தை, குளிர்காலக் கம்பளியாடை, மடியில் வைக்கும் பை, பின்னால் மாட்டும் பை யாவும் அதன் மேலேயே ஏறும். அன்னையாரின் 118½ கிலோவோடு இவற்றையும் சேர்த்தால் 125 ஆயிற்று. வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுமில்லை. குழியில் இறங்கும், விளிம்பில் இடிக்கும். இடிக்கும் கணத்தில் பளு பன்மடங்காகத் தாக்கும். ஆகவே நாற்பங்கில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது என்று நாம் முடிவு செய்து, 160 கிலோ தாங்கும் நாற்காலியைத் தேடினோம். அவ்வெண் சோதித்து எழுதியதா, வெறுமே எழுதியதா என்பதையும் கேட்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 7176 என்ற உலகத் தரவரிசையில் இதற்கெனச் சோதனைகள் உண்டு. நாற்காலியில் மனித எடையுள்ள பொம்மையை அமர்த்தி, மேடுள்ள இரட்டை உருளைகளின்மேல் 2,00,000 சுற்றுகள் ஓட்டுகின்றனர். பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை கீழே விழச் செய்கின்றனர். எந்த எடையுள்ள பொம்மையை வைத்து இச்சோதனை நடந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். விடை தெரிந்தவர் மகிழ்ந்து சொல்வார். தெரியாதவர் பேச்சை மாற்றுவார். இரண்டும் நமக்கு விடையே.

இரண்டாவது, இருக்கையின் அகலம். பளுவும் அகலமும் ஒன்றே என்று எண்ணுவது பெரும்பிழை. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர்க்கு வயிறு பருத்திருக்கும். மற்றொருவர்க்கு இடுப்பும் தொடையும் பருத்திருக்கும். முன்னவர்க்கு அகலம் அவ்வளவு வேண்டியதில்லை. பின்னவர்க்கு மிக வேண்டும். ஆதலின் உட்கார வைத்தே அளக்க வேண்டும். உறுதியான பலகையில் அமரச் செய்து, இடுப்பின் இருபுறமும் இரண்டு தடித்த புத்தகங்களை நிறுத்தி, அவற்றினிடையே உள்ள தூரத்தை அளந்தோம். 48 சென்டிமீட்டர் வந்தது. கம்பளிச் சட்டையோடு 50. அண்டை வீட்டு நண்பர் ஒருவர், “பெரியவர்க்குப் பெரியதாகவே இருக்கட்டும், 24 அங்குலம் வாங்கிவிடுங்கள்” என்று அன்போடு சொன்னார். அவ்வாறு செய்திருந்தால் அன்னையார் வலுவிழந்த இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து முதுகு கோணியிருப்பார்; நாற்காலியும் வாயில்களில் நுழைந்திராது. 20 அங்குலம், அதாவது 51 சென்டிமீட்டர், போதுமானதாயிற்று. உட்கார்ந்தபின் இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே விரித்த கை வழுக்கிச் செல்ல வேண்டும். கை முட்டியாக நுழைந்தால் இருக்கை அகலம் மிகுதி.

மூன்றாவது, இருக்கையின் ஆழம். பின்புறத்திலிருந்து முழங்காலின் உட்குழிவு வரை அளந்து, அதில் மூன்று முதல் ஆறு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைக்காவிடில் இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். பருத்த உடலினர் சிலர்க்குப் பின்புறத்துச் சதை, முதுகைக் காட்டிலும் பின்தள்ளி நிற்கும். சாய்மானம் நேராக எழுந்தால் அச்சதை அவரை முன்னே தள்ளிவிடும். முதுகு சாய இடமின்றித் தொங்கும். அத்தகையோர்க்கு இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையே கீழ்ப்புறம் இடைவெளியோ, இறுக்கித் தளர்த்தத்தக்க வார்கள் வைத்த சாய்மானமோ வேண்டும்.

நான்காவது, கால்தாங்கி. முழங்காலின் உட்குழிவிலிருந்து குதிகால் வரை அளந்து, மெத்தையின் தடிப்பைக் கழித்து உயரத்தை வைக்க வேண்டும். தரைக்கும் கால்தாங்கிக்கும் ஐந்து சென்டிமீட்டரேனும் இடைவெளி இருத்தல் நலம். எழும்போது கால்தாங்கியின் மேல் நின்று எழுதல் கூடவே கூடாது. நாற்காலி முன்னே கவிழ்வது பெரும்பாலும் அந்நேரத்திலேயாம்.

ஐந்தாவது, சக்கரங்கள். வயிறு பருத்தவர்க்கு உடலின் பளு முன்னோக்கி விழும். சிறிய முன்சக்கரங்கள் அதனைச் சுமந்து திணறும். எம் பழைய நாற்காலியின் கவை வளைந்த காரணம் இதுவே. பின்சக்கரத்தின் அச்சைச் சிறிது முன்னே தள்ளி வைக்கத்தக்க அமைப்பு இருப்பின், பளு பெரிய சக்கரங்களின்மேல் விழும், தள்ளுவதும் எளிதாகும். ஆனால் மிகுதியாகத் தள்ளினால் பின்னே சாயும் என்பதால், அறிந்தவரைக் கொண்டே மாற்ற வேண்டும். முன்சக்கரம் அகன்றதாகவும், கவை தடித்ததாகவும் இருக்கட்டும். கைப்பிடிகள் கழற்றவோ பின்னே தூக்கவோ தக்கனவாய் இருந்தால், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்காமல் நகர்த்தியே மாற்றலாம். தூக்குவோரின் முதுகும் ஒரு முதுகே அன்றோ?

ஆறாவது, மெத்தை. இதனைப் பலர் ஆடம்பரம் என்று விட்டுவிடுகின்றனர். அன்னையார்க்கு வந்த புண் ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று; நாள்தோறும் கட்டுப்போட்ட எம் மனைவி அறிவாள் அதன் துன்பத்தை. ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் அவ்விடத்துக் குருதியோட்டம் குன்றித் தோல் அழுகத் தொடங்கும். தில்லியின் கோடையில் சதை மடிப்புகளில் வியர்வை தங்குவதும் அதற்குத் துணைபோகும். பளுவிற்கேற்ற அடர்த்தியுள்ள மெத்தையே பயன்படும். கையை மெத்தையின் அடியிற் கொடுத்துப் பார்த்தால் எலும்பு தட்டுப்படக்கூடாது. அரைமணிக்கு ஒருமுறை முன்னேயும் பக்கத்திலுமாகச் சாயச் செய்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். மாலையில் தோலைப் பார்த்தல் வேண்டும். சிவப்புத் தோன்றி அரைமணியில் மறையாவிடில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவை உடலின் அளவுகள். இனி வீட்டின் அளவுகள். நாற்காலி வாங்கச் செல்லுமுன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். இருக்கையின் அகலத்தோடு சக்கரமும் தள்ளுவளையமும் சேர்ந்து, நாற்காலியின் முழு அகலம் ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் கூடும். எம் நாற்காலி 72 சென்டிமீட்டர் ஆயிற்று. கதவின் சட்டத்தை அளந்தாற் போதாது. கதவைத் திறந்து வைத்து, எஞ்சிய வழியை அளக்க வேண்டும். எம் வீட்டில் படுக்கையறை வாயில் 83. லிப்டின் வாயில் 80. குளியலறை வாயில் 68 மட்டுமே. உடலுக்கு ஏற்ற நாற்காலி குளியலறைக்குள் நுழையாது. குளியலறையில் நுழையும் நாற்காலி உடலுக்கு ஏற்காது. நம் குடியிருப்புகளில் இந்தச் சங்கடம் எல்லார்க்கும் வரும். இதற்காக இருக்கையைக் குறுக்கிவிடாதீர்கள். பெரிய சக்கரமில்லாத, மலங்கழிக்கும் துளையமைந்த குளியல் நாற்காலி ஒன்றை அதே பளுக் கணக்கோடு தனியே வாங்கினோம். அதன் முழு அகலம் 64 சென்டிமீட்டர். சில வீடுகளில் கதவைக் கழற்றிவிட்டுத் திரை மாட்டினாலே வழி கிடைத்துவிடும்.

அடுத்தது சரிவு. ஒரு மடங்கு ஏறுவதற்குப் பன்னிரு மடங்கு நீளம் என்பது பொதுவாக வகுத்துள்ள அளவு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 180 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். அன்னையாரும், நாற்காலியும், மெத்தையுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 148 கிலோ. முறையான சரிவில் அது பன்னிரண்டு கிலோவிற்குச் சற்று மிகுதியான விசையோடு கீழ்நோக்கி இழுக்கும், ஒருவர் தாங்கலாம். எங்கள் குடியிருப்பிலோ 60 சென்டிமீட்டர் உயரத்தை 4 மீட்டரில் முடித்துவிட்டிருந்தனர். அங்கே இழுவிசை 22 கிலோ. பதினான்கு வயதுப் பெண் எவ்வாறு தாங்குவாள்? எழுத்தராக இருப்பதில் ஒரு நன்மை, மனு எழுதத் தெரியும் என்பதே. கணக்கோடு மூன்று மனுக்கள் எழுதினோம். சென்ற மழைக்காலத்திற்குள் 7.2 மீட்டர் நீளத்தில், நடுவே ஒரு திருப்பமும் இருபுறமும் கைப்பிடியும் வைத்துச் சரிவைத் திருத்திக் கட்டினர். இன்று அதனைக் குழந்தை வண்டிகளும், காய்கறி வண்டிகளும், மூட்டுவலியுள்ள முதியோரும் பயன்படுத்துகின்றனர். சரிவில் இறங்கும்போது பருத்தவரைப் பின்னோக்கியே இறக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். முன்னோக்கி இறக்கினால் பளு நம் கையை விட்டு ஓடும். பின்னோக்கி இறக்கினால் நம் உடலே அதற்குத் தடையாகும்.

குடியிருப்பைக் கடந்துவிட்டால் துவாரகாவில் வழி அவ்வளவு கடினமன்று. 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ இரயில் இங்கு வந்தது. நிலையங்களில் லிப்டும், நாற்காலி செல்லத்தக்க அகன்ற வாயிலும் உண்டு. நெடுந்தூர இரயில்களில் பொதுப் பெட்டியின் வாயில் குறுகியது. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய பகுதியில் வாயில் அகலமானது. ஊருக்குச் செல்லுமுன் அப்பகுதி எப்பெட்டியில் உள்ளது என்று விசாரித்து வையுங்கள். நிலையத்தில் கிடைக்கும் நாற்காலி பொது அளவினதாகவே இருக்கும். எனவே சொந்த நாற்காலியை உடன் கொண்டு செல்வதே பருத்தவர்க்குப் பாதுகாப்பு.

எங்கே சென்று கேட்பது என்ற வினா எழும். தில்லியில் வசந்தகுஞ்சில் இந்திய முதுகுத் தண்டுக் காய மருத்துவ மையம் உள்ளது. 1965 மே மாதத்தில் எவரெஸ்டுச் சிகரத்தை அடைந்து, அதே ஆண்டுப் போரில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்த மேஜர் அலுவாலியா அவர்கள் நிறுவியது அது. இத்தகைய இடங்களில் உடலை அளந்து நாற்காலியைப் பொருத்தும் பயிற்சி பெற்றோர் இருப்பர். கான்பூரில் 1972-இல் நிறுவப்பெற்ற ‘அலிம்கோ’ என்ற மத்திய அரசு நிறுவனம் சக்கர நாற்காலிகள் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி.டி.கே. பெயரால் அமைந்த ஆய்வு மையத்தினர் 2019-இல் ‘அரைஸ்’ என்ற, அமர்ந்தபடியே எழுந்து நிற்க உதவும் நாற்காலியை வெளியிட்டனர். ‘நியோஃப்ளை’ என்ற பெயரில் ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்யும் நாற்காலியும் அங்கிருந்தே பிறந்தது. எதை வாங்கினாலும் பளுவின் எல்லையை முதலிற் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் தேர்வு, பொருத்தம், பயிற்சி, தொடர் கவனிப்பு என நான்கையும் வற்புறுத்துகிறது. நாம் முதல் முறை செய்தது இவற்றில் ஒன்றுமே இல்லை, வெறும் கொள்முதல்!

வாங்கியபின் மாதமொரு நாள் குறித்துக்கொண்டு திருகாணிகளை முடுக்கி, பிரேக்கு பிடிக்கிறதா, சக்கரக் கம்பிகள் தளர்ந்துள்ளனவா, இருக்கைத் துணி தொய்ந்துள்ளதா என்று பார்த்துவிடுங்கள். பளு மிகுந்தவரின் நாற்காலி விரைவில் தேயும், அது இயற்கை.

சக்கர நாற்காலி வந்துவிட்டால் வாழ்வு முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தொன்றில் நடக்கும் ஆற்றலை இழந்தார். அவரே பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். மறுவாழ்வு மருத்துவத்திற்கும் அங்கே அடிகோலினார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், 1975-இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டு உடல் செயலிழந்த பின்னர், 1981-இல் அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர்களைப் போன்ற அருஞ்செயலை எம் அன்னையார் செய்யப்போவதில்லை. கோவிலுக்குப் போகவும், சந்தையில் தாமே கத்தரிக்காய் பொறுக்கவும், இவ்விழாவில் உங்களோடு அமரவும் அவர் விரும்புகிறார். அதற்கும் ஏற்ற நாற்காலி வேண்டும்.

புதிய நாற்காலி வந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. முதல் நாள் அதில் அமர்ந்தவுடன் அன்னையார் சொன்ன சொல், “அப்பா, இது என்னைப் பிடிக்கவில்லை” என்பதே. இறுக்கவில்லை என்பது பொருள். மறுவாரமே கிருத்திகை. மலைமந்திருக்குப் புறப்படச் சொல்லித் தாமே நினைவூட்டினார்.

முடிக்குமுன் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, ஒரு அளவுநாடாவும், அளக்க வேண்டிய அளவுகளை எழுதிய தாளும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். எவர் வீட்டில் நாற்காலி வாங்க நேர்ந்தாலும் அளப்பதற்கு நாமே வருகிறோம். எடை எவ்வளவாயினும் சிரிக்காமல் எழுதிக்கொள்வோம்.

மற்றொன்று, இம்மண்டபத்தின் வாயிலைப் பற்றியது. அங்கே மூன்று படிகள் இருக்கின்றன. உயரம் 45 சென்டிமீட்டர். இன்று நான்கு இளைஞர்கள் எம் அன்னையாரை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொணர்ந்தனர். அதோ, முன்வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். அவ்விளைஞர்களுக்கு எமது நெஞ்சார்ந்த நன்றி. ஆனால் தூக்கும்போது அவர் கண்களை மூடிக்கொண்டதை நாம் பார்த்தோம். தூக்கி வரப்படுவதை அவர் விரும்பவில்லை, வரவே விரும்புகிறார். அடுத்த ஆண்டிற்குள் 5.4 மீட்டர் நீளத்தில் ஒரு மரச் சரிவைச் சங்கம் செய்து வைக்குமாயின், அதற்கு எம் குடும்பத்தின் பங்காக ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறோம். மாதிரிப் படமும் கணக்கும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.